முப்பத்தாறாவது பெயர்

கல்முனையில் அன்ரனிற்றாவைத் தெரியாத இதயம் இல்லை என்று பகிடியாகச் சொல்வார்கள். பதினெட்டு வருடங்களாக ஒரு தனியார் கிளினிக்கில் ஈசிஜி எடுப்பதுதான் அவள் வேலை. நெஞ்சில் வயர்களை ஒட்டுவாள், மூச்சை அடக்காமல் படுக்கச் சொல்லுவாள், மெசின் கக்கும் நீண்ட தாளைக் கிழித்து அதன் ஓரத்தில் சிவப்புப் பேனையால் ஒரு சொல் எழுதுவாள். ‘சரி’, ‘மீண்டும் எடுக்கவும்’, ‘டொக்டர் பார்க்கவும்’. கன்னியாஸ்திரிகள் பழக்கிவிட்ட சாய்வெழுத்து. அந்த ஒரு சொல்லை நம்பி எத்தனையோ பேர் நிம்மதியாக வீட்டுக்குப் போயிருக்கிறார்கள்.

அவளுக்கு நாற்பத்து நான்கு வயது. கலியாணம் பேசி வந்த இரண்டு இடங்களும் தட்டிப்போயின. அம்மாவை அடக்கம் செய்த பிறகு வீட்டில் அவளும் மாதாவின் படமும் மட்டும்தான். ஆனால் அவளுக்கு இன்னொரு வாழ்க்கை இருந்தது. அது கூடைப்பந்து. பள்ளிக்கூடக் காலத்தில் மட்டக்களப்பு வரை போய் ஆடியவள். நான்கு வருடங்களுக்கு முன் ஆறு அணிகளோடு கரையோர லீக் தொடங்கி, வீரர்களுக்கு மாதச் சம்பளம் கொடுத்து ஆட வைத்தபோது, முதலில் கூப்பிட்டது அவளைத்தான். பொடியன்களின் நெஞ்சைச் சோதிக்க ஒருவர் வேண்டும், போட்டியில் ஸ்கோர் எழுத ஒருவர் வேண்டும். இரண்டையும் அவளே செய்தாள்.

லீக்கில் ஒரு நாள் மற்ற எல்லா நாளையும்விடப் பெரியது. அன்றைக்கு ஆறு அணிகளும் ஒரு மண்டபத்தில் கூடி, முறை வைத்துப் புதிய வீரர்களைத் தெரிவு செய்யும். ஆறு சுற்று, முப்பத்தாறு பெயர்கள். ஊரில் அதைப் ‘பேர் கூப்பிடுற நாள்’ என்றார்கள். முதலாவது பெயருக்கு மாலை விழும், வெளியே வெடி வெடிக்கும். முப்பத்தாறாவது பெயருக்குச் சிரிப்புத்தான் விழும்.

போட்டிகள் நோன்புப் பெருநாளுக்குப் பிறகுதான் தொடங்கும். ஆகவே அந்தத் தெரிவு எப்போதும் நோன்பு மாதத்தில் வந்தது. பின்னேர அஸர் தொழுது முடித்துப் பொடியன்கள் வருவார்கள். உயரம் அளப்பார்கள், கை நீளம் அளப்பார்கள், ஓட விடுவார்கள், குதிக்க விடுவார்கள். கடைசியாக அன்ரனிற்றாவின் மேசை. எல்லாம் முடிய, பொழுது சாய்ந்து மஃரிபுக்குப் பாங்கு கேட்கும். முஸ்லிம், இந்து, வேதக்காரர் என்று பாராமல் ஒரே பாயில் இருந்து ஈச்சம்பழமும் கஞ்சியும் சாப்பிடுவார்கள். அந்தப் பிற்பகல்களில் அன்ரனிற்றாவும் ஒரு மிடறு தண்ணீர் குடிக்கமாட்டாள். பொடியன்கள் நாக்கு வறண்டு எதிரே நிற்கும்போது தான் போத்தலைத் தூக்குவது அவளுக்கு மரியாதையாகப் படவில்லை.

அந்த மரியாதையில்தான் நஞ்சு கிடந்தது. அன்று அது யாருக்கும் தெரியாது.

முதல் வருடமே சில தாள்களில் கோடு கொஞ்சம் கோணலாக வந்தது. கிளினிக் டொக்டர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக் கேட்டார்: “இது என்ன அன்ரனிற்றா?”

“நோன்பு சேர். விடியச் சாமத்தில சாப்பிட்ட பொடியன். தண்ணி இல்லாம இந்த வெயிலுக்குள்ள ஓடிப்போட்டு வந்திருக்கான். உப்புக் குறைஞ்சிருக்கும்.”

“அப்ப எழுதி விடுங்க.”

அவள் எழுதினாள். ஓரத்தில், சிவப்பில், ‘நோன்பு’ என்று. ஆடலாம் என்று டொக்டர் கீழே கையெழுத்து வைத்தார். அதன் பிறகு அவர் கேட்கவும் இல்லை, அவள் விளக்கவும் இல்லை. நோன்பாளியை இன்னொரு நாள் வா என்று அலைக்கழிப்பது பாவம் என்று அவள் நினைத்தாள்.

*

இந்த வருட இறுதிப் போட்டிக்கு முதல் நாள், வியாழக்கிழமை. கச்சான் காற்று மேற்கேயிருந்து புழுதியை அள்ளிக்கொண்டு வந்து கிளினிக் கண்ணாடிக் கதவில் அடித்தது. லீக்கின் செயலாளர் றாஸிக் தலையில் படிந்த புழுதியைத் தட்டிக்கொண்டு உள்ளே வந்தார்.

“அக்கா, பரிசளிப்புக்கு மலர்ப் புத்தகம் ஒண்டு அடிக்கம். அதில ஒரு பக்கம் நீங்க எழுதித் தரணும். அஞ்சு வருசமா நாம கூப்பிட்ட பேரெல்லாம் என்ன ஆனது, ஆர் மேல வந்தான், ஆர் கவிழ்ந்தான் எண்டு.”

வரவேற்பு மேசையில் இருந்த கமீலா நிமிர்ந்தாள். சாய்ந்தமருதுக்காரி. வாய் சும்மா இருக்காது.

“றாஸிக் நானா, விளம்பரத்துக்கு எத்தினை பக்கம்?”

“நாப்பது.”

“பொடியன்மாருக்கு ஒண்டு! நல்ல நீதிதான்.”

“அந்த ஒண்டைத்தான் புள்ள எல்லாரும் வாசிப்பாங்க. மிச்சத்தில வடை சுத்துவாங்க.” றாஸிக் அன்ரனிற்றாவின் பக்கம் திரும்பினார். “நிப்றாஸைப் பத்திக் கொஞ்சம் கூட எழுதுங்க அக்கா. நாளைக்கு மாலைதீவுக் கிளப்காரன் வாறான். மெட்ச் முடிஞ்சு ஞாயிற்றுக்கிழமை நம்மட பொடியன் பிளேனில, அங்க ஆட.”

அவர் போன பிறகு அன்ரனிற்றா அலுமாரியைத் திறந்து ஐந்து வருடத்துக் கோப்புகளையும் மேசையில் அடுக்கினாள். மதியச் சாப்பாட்டு நேரம். நோயாளிகள் இல்லை. கமீலா கதிரையை இழுத்துக்கொண்டு பக்கத்தில் வந்து குந்தினாள்.

முதல் வருடத்து இரண்டாவது பெயர் சம்மாந்துறை அரிசி ஆலைக்காரரின் மகன். ஆறடி மூன்று அங்குலம். அவன் காலுக்குக் கொழும்பிலும் சப்பாத்து இல்லை என்று பெருமையாகச் சொன்னார்கள். எட்டாவது போட்டியில் முழங்கால் போனது. இப்போது வாப்பாவின் ஆலை வாசலில் நின்று லொறிகளுக்குக் கை காட்டுகிறான்.

“கை நீளம்தானே, தூரத்தில வாற லொறிக்கும் தெரியும்” என்றாள் கமீலா.

இரண்டாம் வருடத்து முதல் பெயர் ஒரு கல்முனைப் பொடியன். மாலை போட்ட கழுத்தில் இப்போது கட்டார் கம்பனி ஒன்றின் அடையாள அட்டை தொங்குகிறது. மூன்றாம் வருடத்து முதல் பெயர் அக்கரைப்பற்றுப் பொடியன். சோதனை நாளில் அவன் எறிந்ததெல்லாம் கூடைக்குள் போனது. சனத்தைக் கண்டால் கை நடுங்கும் என்பதை எந்த நாடாவும் அளக்கவில்லை. நான்காம் வருடத்து முதல் பெயர் இன்னும் அணியில்தான் இருக்கிறான், ஆனால் ஓரத்து வாங்குப் பலகையை விட்டு எழும்பியதில்லை.

“இவ்வளவு அளந்தும் ஒண்டும் சரி வரல்லையே, நிற்றா.”

“ஒண்டு சரி வந்திச்சே” என்று அன்ரனிற்றா சிரித்தாள்.

அந்த ஒன்று நிப்றாஸ். மூன்றாம் வருடத்தின் கடைசிப் பெயர், முப்பத்தாறாவது. ஐந்தடி ஒன்பது அங்குலம். பெயர் கூப்பிட்டபோது மண்டபமே சிரித்தது. “பந்து பொறுக்கவும் ஆள் வேணும்தானே!” என்று எவனோ கத்தினான். இரண்டு வருடத்தில் லீக்கிலேயே அதிகம் புள்ளி எடுப்பவன் அவன்தான்.

அவனை எடுத்ததற்கு ஒரு காரணம் இருந்தது. அவனுடைய மூத்த சகோதரன், நானா றிஸ்வான்தான் லீக்கின் முதல் வருடத்து முதல் பெயர். மருதமுனை மீன்பிடிக் குடும்பம். ஒரே ஒரு பருவம் ஆடினான். எல்லா அணியும் அவனைப் பார்த்துப் பயந்தது. அடுத்த பருவம் தொடங்குமுன், ஒரு காலையில் வாப்பாவோடு கரைவலை இழுக்கப் போனவன், இடுப்பளவு தண்ணீரில் விழுந்தான். கயிற்றைப் பிடித்திருந்தவர்கள் அவன் பகிடி விடுகிறான் என்று நினைத்தார்கள். தூக்கியபோது மூச்சு இல்லை. கடல் கொண்டுபோய்விட்டது என்று ஊர் அழுதது. அந்த வீட்டுப் பிள்ளைக்கு ஓர் இடம் கொடுப்போம் என்றுதான் கடைசி அணி நிப்றாஸின் பெயரைக் கூப்பிட்டது.

முதலாவது பெயரும் கடைசிப் பெயரும் ஒரே வீட்டில். மலரில் எழுத இதைவிட உருக்கமான கதை வேறென்ன வேண்டும்? அன்ரனிற்றா றிஸ்வானின் கோப்பைத் திறந்தாள். உயரத்தைக் குறித்தாள். கை நீளத்தைக் குறித்தாள். ஈசிஜி தாளை விரித்தாள்.

அவள் கை அப்படியே நின்றது.

கோடு உயர்ந்து, இறங்கி, பிறகு சிறு மேடாக எழவேண்டிய இடத்தில் கிணறு போலக் குழிந்து கிடந்தது. ஒன்றல்ல, வரிசையாக. பக்கத்தில் சிவப்பில் அவளுடைய அழகான சாய்வெழுத்து: நோன்பு.

நிப்றாஸின் கோப்பை எடுத்தாள். தாளை விரித்து அதற்குப் பக்கத்தில் வைத்தாள். அதே உயரம், அதே குழி. ஒரே ஆள் இரண்டு தடவை படுத்து எழும்பியது போல இருந்தது. பக்கத்தில் அதே சிவப்பு, அதே சொல்.

உப்புக் குறைந்தால் கோடு தட்டையாகும். இப்படிக் கிணறு வெட்டாது. வழிவழியாக வரும் இதயத் தசை நோயில் இப்படிக் குழியும். இதை அவள் படித்திருக்கிறாள். படித்ததை அந்தப் பிற்பகல்களில் அவளுடைய மரியாதை மூடி வைத்திருந்தது.

இன்னொரு தாளும் அவள் நினைவில் எழுந்து குத்தியது. வீரமுனைப் பொடியன் ஒருவனுக்கு இதில் பாதிக் குழிகூட இல்லை. அவன் நோன்பு இல்லை. ஆகவே அவனுக்குச் சொல்லக் காரணம் ஒன்றும் இருக்கவில்லை. மறுநாள் வரச் சொன்னாள், திரும்ப எடுத்தாள், மட்டக்களப்புக்கு அனுப்பினாள். அவனுக்கு நோய் வருத்தம் ஒன்றும் இல்லை, இன்னும் ஆடுகிறான். எவனை அலைக்கழித்தாளோ அவன் உயிரோடு இருக்கிறான்.

“என்ன நிற்றா? முகம் வெளிறிப் போச்சு.”

“கமீலா, றிஸ்வான்ட குடும்பத்தில வேற ஆரும் இப்பிடித் திடீரெண்டு…”

கமீலா யோசித்தாள். “அவண்ட மூத்தாப்பா, வாப்பாட மூத்த நானா. பள்ளிவாசல் ஹவுள் தொட்டியடியில, தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளூ எடுத்துக்கொண்டு இரிக்கக்குள்ள சாஞ்சிட்டாராம். முப்பத்தஞ்சு வயசும் இல்ல. நல்ல மவுத்து எண்டு எங்கட உம்மா இப்பவும் செல்லுவா. ஏன் கேக்கிறாய்?”

அன்ரனிற்றா இரண்டு தாள்களையும் ஒன்றாக மடித்தாள். வெளியே கச்சான் காற்று கதவை உலுக்கியது.

*

டொக்டர் கொழும்பில் இருந்தார். தொலைபேசியில் நிப்றாஸின் தாளைப் பற்றி மட்டும் சொன்னாள். றிஸ்வானின் பெயரைச் சொல்லவில்லை.

“நீங்க எழுதினதைப் பாத்துத்தான் நான் கையெழுத்து வைச்சன், அன்ரனிற்றா.”

“ஓம் சேர்.”

“அந்தப் பொடியனை ஓட விட வேணாம். உடன ஸ்கேன் எடுக்கோணும், மட்டக்களப்புக்கு அனுப்புங்க. ஏன் எண்டு கேட்டா… நீங்கதான் சொல்லோணும்.”

பின்னேரம் அவள் மருதமுனைக்குப் போனாள். நிப்றாஸ் வீட்டில் இல்லை, பயிற்சிக்குப் போயிருந்தான். அவனுடைய உம்மா ஹப்ஸா கைகளை முந்தானையில் துடைத்துக்கொண்டு ஓடிவந்தாள். கடல் பக்கத்து ஜன்னல்கள் இரண்டும் பலகை அடித்து மூடப்பட்டிருந்தன.

“வாங்க மிஸ், வாங்க! றுஸ்தா, மிஸ்ஸுக்குப் பிளேன்ரீ ஊத்து மகள். சீனி பாத்துப் போடு.” பதினான்கு வயது மகள் குசினிக்குள் ஓடினாள். ஹப்ஸா பாயை விரித்தாள். “நீங்கதானே மிஸ் என்ட பிள்ளைக்கு நல்லா இரிக்கான் எண்டு எழுதிக் குடுத்த. நான் ஒவ்வொரு தொழுகைக்கும் உங்களுக்கு துஆக் கேக்கன்.”

“ராத்தா, நான் வந்தது…”

“இவன் கடலுக்குப் போறன் எண்டுதான் நிண்டவன். நான் கால்ல விழாத குறை. போ மனே, பந்து விளையாடு, அது தரையில விளையாடுறது, தரை ஆரையும் கொல்லாது எண்டன்.” அவள் மூடிய ஜன்னலைப் பார்த்தாள். “ஒண்டைத் தின்ட கடல் மற்றதையும் கேக்கும் மிஸ். மாலைதீவு எண்டதும் முதல்ல நடுங்கினன், நாலு பக்கமும் கடலாமே! பிறகு அவன் செல்றான், ‘உம்மா, நான் விளையாடுற கோட்டை விட்டு வெளியால போகமாட்டன்’ எண்டு.”

அவள் சிரித்தாள். மூன்று வருடத்துக்குப் பிறகு அந்த முகத்தில் வந்த சிரிப்பு. அன்ரனிற்றாவின் தொண்டையில் இருந்த சொற்கள் தேநீரோடு உள்ளே இறங்கின. நாளைக்குப் போட்டிக்கு முன் நிப்றாஸிடமே சொல்லிவிடலாம் என்று தன்னைத் தேற்றிக்கொண்டு எழும்பினாள். அந்த வீட்டு வாசலைத் தாண்டும்போது அவளுக்குத் தெரியும், நிப்றாஸை ஆபத்துக்குள் அனுப்புவது இது இரண்டாவது தடவை. முதல் தடவை அறியாமல் செய்தாள். இந்தத் தடவை அறிந்து செய்கிறாள்.

*

வெள்ளிக்கிழமை நான்கு மணிக்கு மைதானம் நிறைந்துவிட்டது. மதிலில், மரத்தில், லொறிக் கூரையில் எல்லாம் சனம். நிப்றாஸைச் சுற்றி ஆட்கள் மொய்த்திருந்தார்கள். அன்ரனிற்றா றாஸிக்கைத் தேடிப் பிடித்து, இரண்டு தாள்களையும் அவர் கண் முன்னே நீட்டினாள். மூச்சு வாங்கச் சொல்லி முடித்தாள்.

றாஸிக்கின் முகம் கறுத்தது. அவளை வேலியோரம் இழுத்துப் போனார்.

“அக்கா, சத்தமாக் கதைக்காதீங்க. இதை டொக்டர் செல்லணும், நீங்க செல்றதில்ல.”

“டொக்டர்தான் ஓட விட வேணாம் எண்டவர்.”

“ஓம், இண்டைக்கு நிப்பாட்டினா இந்தச் சனம் கதிரையெல்லாம் உடைக்கும். நாளைக்கு நானே அவனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போறன், வல்லாஹி. நாப்பது நிமிசம் அக்கா. ரெண்டு வருசம் ஓடினவன் நாப்பது நிமிசம் ஓடமாட்டானா?” பிறகு குரலைத் தாழ்த்தினார். “றிஸ்வான்ட கதை வெளிய வந்தா லீக் முடிஞ்சுது. நீங்களும் முடிஞ்சீங்க. அந்த உம்மாட முகத்தை எப்பிடிப் பாப்பீங்க?”

அவள் போய் ஸ்கோர் மேசையில் அமர்ந்தாள். ஏன் அமர்ந்தாள் என்று பிறகு எத்தனையோ தடவை தன்னைக் கேட்டிருக்கிறாள். கால்கள் தாமாகப் பழகிய இடத்துக்குப் போயின, அவ்வளவுதான்.

போட்டி தொடங்கியது. நிப்றாஸ் ஓடினான். ஒவ்வொரு புள்ளியாக அவன் பெயருக்கு நேரே அவள் கோடு போட்டாள். நான்கு, ஏழு, ஒன்பது. சனம் அவன் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கத்தியது. பெண்கள் பக்கத்தில் முதல் வரிசையில் ஹப்ஸா இருந்தாள், மகளின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு. மாலைதீவுக்காரர் ஃபோனில் படம் எடுத்தார். காற்றில் நெருப்பு இருந்தது. இடைவேளைக்குப் போகும்போது நிப்றாஸ் அவளைப் பார்த்துக் கண் சிமிட்டினான்.

“மிஸ், பேனை கவனம்! மை முடியப் போகுது.”

எழும்பு, இப்போது சொல் என்று அவள் நெஞ்சு அடித்தது. மற்றவர்களின் நெஞ்சையெல்லாம் வாசித்தவளுக்குத் தன் நெஞ்சின் சொல்லைக் கேட்கத் துணிவு வரவில்லை. இடைவேளை முடிந்தது.

மூன்றாவது கால் பகுதியில் ஒரு தடவை அவன் பந்தை விட்டுவிட்டு முழங்காலில் கை ஊன்றிக் குனிந்தான். எல்லாரும்தான் குனிகிறார்கள். ஆனால் அவன் நிமிர்ந்தபோது, ஒரு கணம், தான் எங்கே நிற்கிறேன் என்று தெரியாதவன் போல விளக்குக் கம்பத்தைப் பார்த்தான். தலையை உதறினான். சிரித்தான். கையைத் தூக்கிப் பந்து கேட்டான்.

கயிற்றைப் பிடித்திருந்தவர்கள் பகிடி என்று நினைத்தார்களாமே, அந்த நிமிடம் அவளுக்கு எதிரே நின்றது.

அன்ரனிற்றா மணிப் பொத்தானை அழுத்தினாள். விரலை எடுக்கவில்லை. அந்த நீண்ட ஊளையில் மைதானம் உறைந்தது. அவள் மேசையைச் சுற்றிக்கொண்டு ஆட்டக் கோட்டுக்குள் நடந்தாள்.

“மிஸ், நேரம் இன்னும் கிடக்கே?” நடுவர் ஓடிவந்தார்.

“விசர் புடிச்சிட்டு மனிசிக்கு!” என்று மதிலிலிருந்து ஒருவன் கத்தினான். “மற்ற ரீம் பிரியாணி குடுத்திருப்பான்!” என்றான் இன்னொருவன். சிரிப்பு அலையாக எழுந்தது.

நிப்றாஸ் பந்தோடு நின்றான். “மிஸ், என்ன இது? மூணு புள்ளி பின்னுக்கு நிக்கம்.”

“வெளிய வா மனே. உன்ட நெஞ்சு சரியில்ல.”

“எனக்கா?” அவன் சிரித்தான். “நீங்கதானே மிஸ் எழுதித் தந்த, சரி எண்டு.”

“நான் பிழையா எழுதினன். உனக்கும் பிழை. உன்ட நானாக்கும் பிழை.” அவள் அவனுக்கு முன்னால் போய் நின்றாள். “றிஸ்வானை நான் அனுப்பியிருக்கக் கூடாது. அவனுக்கு இருந்த நெஞ்சு வருத்தம்தான் உனக்கும் இருக்கு. எனக்குத் தெரிஞ்சிருக்க வேணும்.”

முன்வரிசைகளுக்கு அது கேட்டது. கேட்டவர்கள் பின்னால் இருந்தவர்களுக்குச் சொன்னார்கள். சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கி, கடைசியில் காற்று மட்டும் கேட்டது. நடுவர் பந்துக்குக் கையை நீட்டினார். நிப்றாஸ் கொடுக்கவில்லை. அவன் பெண்கள் பக்கம் பார்த்தான். ஹப்ஸா எழும்பி நின்றிருந்தாள்.

*

கமீலாதான் கிளினிக்கைத் திறந்தாள். அன்ரனிற்றா அவனுக்கு இரண்டு போத்தல் தண்ணீர் கொடுத்தாள், முக்கால் மணி நேரம் படுக்க வைத்தாள். பிறகு வயர்களை ஒட்டினாள். ஒன்று கழன்றது, துடைத்துவிட்டுத் திரும்ப ஒட்டினாள். மெசின் தாளைத் தள்ளத் தொடங்கியது.

அதே குழிகள்.

நிப்றாஸ் தலையைத் திருப்பிப் புதிய தாளையும், பக்கத்தில் கிடந்த பழைய தாளின் சிவப்புச் சொல்லையும் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். “இண்டைக்கு எனக்கு நோன்பில்ல மிஸ்” என்றான் மெதுவாக.

வாசலில் ஹப்ஸா நின்றாள். கமீலா பிடிக்கப் போனாள். அவள் கையை விலக்கிவிட்டு உள்ளே வந்தாள்.

“மிஸ், என்ட மூத்தவனுக்கும் இதா?”

பொய் சொல்ல இன்னும் இடம் இருந்தது. டொக்டர்தான் சொல்ல வேண்டும் என்று சொல்லியிருக்கலாம். அன்ரனிற்றா தாளை மேசையில் வைத்தாள்.

“ஓம் ராத்தா.”

“கடல் இல்லையா?”

“கடல் இல்ல.”

ஹப்ஸா கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். அழவில்லை. அழுதிருந்தால் தாங்கியிருக்கலாம்.

“மூணு வருசமா நான் கடலை ஏசிக்கொண்டு இரிக்கன்” என்றாள். “என்ட புருசன் அந்தக் கடலுக்குப் போய் வந்து சோறு தந்தா, அந்தச் சோத்தை நான் மனசு விட்டுத் தின்னல்ல. கடல் சும்மா கிடந்திரிக்கி.”

அன்ரனிற்றா முழங்காலில் விழுந்தாள். “ராத்தா, என்னை…”

“எழும்புங்க. அதெல்லாம் இப்ப வேணாம். மாப்புக் குடுக்கிறதைப் பத்தி நான் இன்னும் யோசிக்கல்ல.” அவள் திரும்பி, சுவரோரம் ஒட்டி நின்ற மகளைத் தோளில் பிடித்து முன்னே தள்ளினாள். “இவளையும் பாருங்க.”

றுஸ்தாவின் தாளைப் பார்த்தபோது, அது நல்லதா கெட்டதா என்று அன்ரனிற்றாவால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. ஓர் இடத்தில் கோடு சற்றே தாழ்ந்தது போலவும் இருந்தது, இல்லாதது போலவும் இருந்தது. ஓரத்தில் எழுதச் சிவப்புப் பேனையை எடுத்தாள். வைத்துவிட்டாள்.

அன்று மாலையே கிளினிக் முதலாளி ஃபோன் எடுத்தார். திங்கட்கிழமை வேலைக்கு வர வேண்டாம் என்றார். றாஸிக் கூப்பிடவே இல்லை. மலர் அச்சாகவில்லை. மாலைதீவுக்காரர் வேறு யாரோ ஒருவனைப் பேசிக்கொண்டு போய்விட்டார் என்று கமீலா சொன்னாள்.

சனிக்கிழமை விடிய ஒரு வான் வண்டி பிடித்தார்கள். வருவாளா என்று யாரும் அன்ரனிற்றாவைக் கேட்கவில்லை. வான் அவள் வீட்டு வாசலில் வந்து நின்றது. ஹப்ஸா கதவைத் திறந்து வைத்திருந்தாள்.

“ஏறுங்க மிஸ். பெரிய டொக்டர்மாரோட கதைக்க எங்களுக்குத் தெரியா. நீங்கதான் கதைக்கணும். மூத்தவண்ட தாளையும் எடுத்துக்கொண்டு வாங்க.”

அவள் ஏறினாள். முன் சீட்டில் முகைதீன்பாவா, நிப்றாஸின் வாப்பா, சாரதிக்குப் பக்கத்தில் நேரே பாதையைப் பார்த்தபடி இருந்தார். திரும்பிப் பார்க்கவேயில்லை. நிப்றாஸ் கடைசிச் சீட்டில் தொப்பியை முகத்தில் கவிழ்த்திருந்தான். நடுவில் ஹப்ஸா, ஒரு பக்கம் மகள், மறு பக்கம் அன்ரனிற்றா. பெரியநீலாவணை தாண்டியது. வயல்கள் போயின. கல்லாற்றுப் பாலத்தில் ஏறும்போது ஒரு பக்கம் வாவியும் மறு பக்கம் கடலும் தெரிந்தன. ஹப்ஸா கடலின் பக்கம் முகத்தைத் திருப்பினாள். மூன்று வருடத்தில் முதல் தடவையாக அதை முழுதாகப் பார்த்தாள்.

“மிஸ்.”

“சொல்லுங்க ராத்தா.”

“விழக்குள்ள அவனுக்கு நொந்திரிக்குமா?”

பதினெட்டு வருடமாக, கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே சொல்லில் பதில் எழுதிக் கொடுத்தவள் அன்ரனிற்றா. ‘இல்லை’ என்று ஒரு சொல் சொன்னால் அந்தத் தாயின் நெஞ்சு கொஞ்சம் ஆறும். அந்தச் சொல் நாக்கு நுனி வரை வந்தது.

“எனக்குத் தெரியாது ராத்தா” என்றாள்.

ஹப்ஸா தலையை ஆட்டினாள். மகளின் மணிக்கட்டைப் பிடித்து, நரம்பு துடிக்கும் இடத்தில் பெருவிரலை வைத்து அழுத்திக்கொண்டாள். மட்டக்களப்பு வரும் வரை அந்த விரலை அவள் எடுக்கவில்லை.